விமானத்துக்கு இன்சூரன்ஸ் உண்டு... ஓட்டப் பழகும் பிள்ளைக்கு?

ஊட்டியில் இருந்து மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டிக்கு லோடு இறக்கிவரும் ஒரு லாரியை எடுத்துக்கொள்வோம். அந்த லாரிக்கு இன்சூரன்ஸ் இருக்கும். யார் மேலாவது மோதிவிட்டால் அவர்களுக்கு இழப்பீடு கொடுக்க மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இருக்கும். சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவருக்கும், கூட வரும் கிளீனருக்கும் சட்டம் ஒரு பாதுகாப்பு வைத்திருக்கிறது. ஏற்றிய மூட்டைகளுக்குக்கூட தனியாகப் பாலிசி எடுக்கிற வியாபாரிகள் உண்டு. பர்லியாறு வளைவுகளை ஒருமுறை பார்த்தவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை.

இப்போது வேறொரு வண்டியைப் பார்ப்போம். இரண்டே இருக்கை, ஒற்றை எஞ்சின், மூக்கில் ஒரு காற்றாடி. செஸ்னா 152 என்று பெயர். இந்தியாவின் பல பயிற்சிப் பள்ளிகளில் பிள்ளைகள் பறக்கப் பழகுவது இதிலும் இதன் அண்ணனான செஸ்னா 172-லும்தான். இந்த விமானத்துக்கும் இன்சூரன்ஸ் உண்டு. அது விழுந்து யாருடைய வீடாவது சேதமானால் அதற்கும் உண்டு. உள்ளே உட்கார்ந்து கட்டுப்பாட்டுக் கம்பைப் பிடித்திருக்கும் 19 வயதுப் பிள்ளைக்கு?

அந்த இடத்தில் பெரும்பாலான வீடுகளில் பதில் இல்லை. கேட்கவேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றியிருக்காது. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

தோட்டத்தை அடமானம் வைத்துக் கட்டிய இறக்கை

விமானி ஆவது என்றால் என்னவென்று முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பிளஸ் 2-வில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். 16 வயதில் மாணவ விமானி உரிமம் வாங்கலாம். 18 வயது நிரம்பி, 200 மணி நேரம் பறந்து, தேர்வுகளையும் மருத்துவப் பரிசோதனையையும் தாண்டினால் வணிக விமானி உரிமம். அந்த 200 மணி நேரத்தில் 100 மணி நேரமாவது விமானத்துக்குத் தானே பொறுப்பேற்றுப் பறந்திருக்க வேண்டும். அதாவது பக்கத்து இருக்கையில் ஆசிரியர் இல்லாமல் பிள்ளை தனியாக வானத்தில் இருக்கும் நேரம் ஏராளம். இதை விதியே கேட்கிறது.

செலவு? இந்தியாவில் 35 லட்சம், 50 லட்சம் என்று போகிறது. அதற்கு மேலும் ஆகும்.

காரமடைப் பக்கம் நான்கு ஏக்கர் கறிவேப்பிலைத் தோட்டம் வைத்திருக்கும் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். மகனுக்கோ மகளுக்கோ விமானி ஆசை. கையில் இருப்பது 10 லட்சம். மீதிக்கு வங்கிக்குப் போகிறார்கள். கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கி சொத்து ஜாமீன் கேட்பது வழக்கம். தோட்டத்துப் பத்திரம் வங்கி லாக்கருக்குள் போகிறது. அப்பா துணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போடுகிறார். ஊரே திரண்டு வந்து வாழ்த்துகிறது. "நம்மூர்ப் பையன் பிளேன் ஓட்டப் போறானுங்க!"

இதில் தவறு எதுவும் இல்லை. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் கடன் அதோடு முடிந்துவிடுவதில்லை. துணைக் கடன்தாரர் இருக்கிறார், பத்திரம் இருக்கிறது. வங்கி மனசாட்சி இல்லாதது என்று சொல்லவரவில்லை. கணக்கு அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. பிள்ளையையும் இழந்து தோட்டத்தையும் இழக்கும் நிலை ஒரு குடும்பத்துக்கு வரலாமா என்பதே கேள்வி.

பயணியும் இல்லை, ஊழியரும் இல்லை

விமான விபத்து என்றால் கோடிக்கணக்கில் இழப்பீடு கிடைக்கும் என்று பொதுவாக ஒரு நினைப்பு இருக்கிறது. செய்தித்தாளில் பார்ப்பது அப்படி. ஆனால் அது யாருக்கு?

டிக்கெட் எடுத்துப் பயணம் செய்பவருக்கு. அவருக்காக 1972-ஆம் ஆண்டு முதல் இந்தியாவில் வான்வழிப் போக்குவரத்துச் சட்டம் இருக்கிறது. 2009-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கையிலும் இந்தியா சேர்ந்தது. பயணி இறந்தால் விமான நிறுவனம் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

சம்பளம் வாங்கும் விமானிக்கு? அவர் ஊழியர். வேலையில் விபத்து நேர்ந்தால் முதலாளி இழப்பீடு தரவேண்டும் என்பது 1923-இன் சட்டம் தொட்டு இந்தியாவில் உள்ள கொள்கை. விமானத்தின் கேப்டனையும் பணிக்குழுவையும் அந்தச் சட்டம் பெயர் சொல்லியே சேர்த்திருந்தது. அதற்கு மேல் நிறுவனம் எடுத்துத் தரும் குழுக் காப்பீடும் இருக்கும்.

தரையில் நிற்பவருக்கு? அவர் மூன்றாம் நபர். விமானத்தின் பொறுப்புக் காப்பீடு அவரைப் பார்த்துக்கொள்ளும்.

பயிற்சி மாணவர் இந்த மூன்றில் எதில் வருகிறார்? அவர் கட்டியது டிக்கெட் பணம் அல்ல, படிப்புக் கட்டணம். ஆகவே பயணி இல்லை. அவருக்கு யாரும் சம்பளம் தருவதில்லை, அவர்தான் தருகிறார். ஆகவே ஊழியரும் இல்லை. விமானத்துக்கு உள்ளே இருப்பதால் மூன்றாம் நபரும் இல்லை. மூன்று கதவுகளும் மூடியிருக்கும் வீட்டுத் திண்ணையில் நிற்கிறார் அவர்.

பள்ளி கவனக்குறைவாக இருந்தது என்று வழக்குப் போடலாமே என்று கேட்கலாம். போடலாம். ஆனால் நிரூபிக்க வேண்டியது குடும்பம். விபத்தை ஆராயும் விமான விபத்துப் புலனாய்வு அமைப்பின் அறிக்கை, இனி அப்படி நடக்காமல் தடுப்பதற்காக எழுதப்படுவது. யார் மேல் குற்றம் என்று தீர்ப்பது அதன் வேலை இல்லை என்று விதியே சொல்கிறது. போதாக்குறைக்கு, சேரும்போது கையெழுத்து வாங்கிய படிவங்களில் "நேரும் எதற்கும் பள்ளி பொறுப்பல்ல" என்ற வரி எங்காவது இருக்கும். சேரும் நாளில் அதை நிறுத்தி நிதானமாகப் படித்துக் கையெழுத்துப் போட்ட பெற்றோர் எத்தனை பேர்?

பொடி எழுத்தில் இருப்பது

"எங்க பையனுக்கு ஏற்கெனவே பாலிசி இருக்குதுங்க" என்று சில பெற்றோர் நிம்மதியாக இருப்பார்கள். எந்தப் பாலிசி என்று பார்க்கவேண்டும்.

முதலாவது, தனிநபர் விபத்துக் காப்பீடு. சாலை விபத்து, மாடியில் இருந்து விழுவது, மின்சாரம் தாக்குவது எல்லாவற்றுக்கும் பணம் தரும் பாலிசி. இதன் விலக்குப் பட்டியலைப் பிரித்துப் பார்த்தால் ஏறத்தாழ எல்லா நிறுவனங்களிலும் ஒரு வரி இருக்கும். விமானத்தில் பயணியாகச் சென்றால் சரி, வேறு எந்த விதத்திலும் பறத்தலில் ஈடுபட்டிருந்தால் பணம் கிடையாது என்பது அதன் சாரம். பயிற்சி மாணவர் பயணி இல்லை. முடிந்தது கதை.

இரண்டாவது, ஆயுள் காப்பீட்டோடு ஒட்டுப் போட்டு விற்கப்படும் விபத்து இணைப்பு, அதாவது ரைடர். விபத்தில் இறந்தால் இரட்டிப்புப் பணம் என்று ஏஜெண்ட் சொல்வது இதைத்தான். இதிலும் அதே விலக்கு உண்டு.

மூன்றாவது, அரசுத் திட்டங்கள். வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் சுரக்ஷா பீமா விபத்துக்கானது. 436 ரூபாய் பிடிக்கும் ஜீவன் ஜோதி எந்தக் காரணத்தால் இறந்தாலும் பணம் தருவது. இரண்டும் நல்ல திட்டங்கள், மாணவர்கள் கட்டாயம் சேர வேண்டும். ஆனால் ஒவ்வொன்றின் தொகையும் 2 லட்சம். 40 லட்சம் கடனுக்கு முன்னால் அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

நான்காவது, சுத்தமான ஆயுள் காப்பீடு, அதாவது டேர்ம் பாலிசி. உண்மையில் உதவக்கூடியது இதுதான். முதல் ஆண்டில் தற்கொலை என்ற ஒன்றைத் தவிர பொதுவாக எந்தக் காரணத்தால் இறந்தாலும் பணம் கிடைக்கும். ஆனால் இதில் இரண்டு முடிச்சுகள்.

ஒன்று, மாணவருக்கு வருமானம் இல்லை. வருமானத்தை வைத்துத்தான் எவ்வளவு தொகைக்குப் பாலிசி தரலாம் என்று நிறுவனம் கணக்குப் போடும். ஆகவே மாணவர் என்றால் குறைந்த தொகைதான், அதுவும் பெற்றோர் வருமானத்தைப் பார்த்துத்தான் என்று சொல்வார்கள். தலைக்கு மேல் 40 லட்சம் கடன் இருப்பவருக்கு "உனக்கு வருமானம் இல்லை, ஆகவே உன் உயிருக்கு அவ்வளவு விலை இல்லை" என்பது வேடிக்கையான கணக்கு.

இரண்டு, உண்மையைச் சொல்லவேண்டும். விண்ணப்பத்தில் தொழில், பொழுதுபோக்கு, பறத்தல் பற்றியெல்லாம் கேட்பார்கள். 'மாணவர்' என்று மட்டும் எழுதிவிட்டு விமானப் பயிற்சியை மறைத்தால் பிரீமியம் குறையலாம். ஆனால் அது மணலில் கட்டிய வீடு. பாலிசி எடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் மரணம் நேர்ந்தால் நிறுவனம் விண்ணப்பத்தைத் தோண்டிப் பார்க்கும். காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு அந்த மூன்று ஆண்டு உரிமையை அதற்குத் தந்திருக்கிறது. வேறொரு நிறுவனத்தில் பாலிசி இருந்ததைச் சொல்லாமல் விட்டதற்காகவே பணத்தை மறுத்தது சரிதான் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அப்படியிருக்க, விமானம் ஓட்டுவதை மறைத்தால்? பயிற்சிக் காலமும் ஏறக்குறைய அந்த மூன்று ஆண்டுகளுக்குள்தான் முடிகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். எந்தக் காலத்தில் பாலிசி அதிகம் தேவையோ அந்தக் காலத்தில்தான் பொய் அதிகம் ஆபத்தானது.

நடக்காததா?

பயமுறுத்துவதற்காக எழுதப்படுவது அல்ல இது. பறக்கும் பயிற்சி பெரும்பாலும் ஒழுங்காகவே நடக்கிறது. ஆயினும் நடந்தவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கடக்க முடியாது.

2022 பிப்ரவரியில் தெலங்கானாவின் நல்கொண்டா மாவட்டத்தில் ஒரு பயிற்சி விமானம் வயலில் விழுந்தது. அதில் தனியாகப் பறந்து உயிரிழந்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த மாணவி. 2023 மார்ச்சில் மத்தியப் பிரதேசத்தின் பாலாகாட் மலைப்பகுதியில் விழுந்த விமானத்தில் ஆசிரியரும் மாணவியும் இறந்தார்கள். 2024 ஆகஸ்டில் ஜாம்ஷெட்பூரில் புறப்பட்ட விமானம் சாண்டில் அணை நீரில் மூழ்கியது, அதிலும் இருவர். 2025 ஏப்ரலில் குஜராத்தின் அம்ரேலியில் குடியிருப்புப் பகுதியில் விழுந்த விமானத்தில் இருந்தது ஒரே ஒரு மாணவர்.

வெளிநாட்டுக்குப் போனால் மட்டும் விதி மாறிவிடுமா? 2023 அக்டோபரில் கனடாவின் சில்லிவாக்கில் 2 இந்தியப் பயிற்சி விமானிகள் இறந்தார்கள். 2025 ஜூலையில் அதே நாட்டின் மனிடோபா மாகாணத்தில் இரண்டு பயிற்சி விமானங்கள் வானத்தில் மோதிக்கொண்டன. இறந்த இரு மாணவர்களில் ஒருவர் கேரளத்தவர்.

நம் பக்கத்தில் 2025 நவம்பரில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். சேலத்தில் இருந்து புறப்பட்ட பயிற்சி விமானம் ஒன்று புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் அருகே நெடுஞ்சாலையிலேயே இறங்கியது. உள்ளே இருந்த இருவரும் பிழைத்தார்கள். சுற்றி நின்று செல்போனில் படம் எடுத்தவர்கள் எல்லாரும் விமானத்தைத்தான் எடுத்தார்கள். அதற்குள் இருந்தவர்களுக்குக் காயம் பட்டிருந்தால், முதுகெலும்பு முறிந்திருந்தால், ஆஸ்பத்திரிச் செலவையும் அதற்குப் பிந்தைய வாழ்க்கையையும் யார் பார்த்திருப்பார்கள் என்று யோசித்தவர்கள் குறைவு.

மரணத்தைவிட இது முக்கியமான கேள்வி. டேர்ம் பாலிசி இறந்தால்தான் பணம் தரும். ஊனமாகிப் பிழைத்தால் தராது. ஊனத்துக்குப் பணம் தருவது விபத்துப் பாலிசி, அதில்தான் பறத்தல் விலக்கு. ஆக, நடக்க முடியாமல் கட்டிலில் கிடக்கும் 20 வயதுப் பிள்ளைக்கு இரண்டு பாலிசி இருந்தும் ஒன்றும் இல்லாமல் போகலாம்.

விபத்தே நடக்காமல் கனவு கலைவதும் உண்டு. காது, கண், இதயம் என்று ஏதாவது ஒன்றில் மருத்துவத் தகுதி போய்விட்டால் பணம் கட்டிய படிப்பு அந்தரத்தில் நின்றுவிடும். வேலையில் இருக்கும் விமானிகளுக்கு 'உரிமம் இழப்புக் காப்பீடு' என்று ஒன்று இருக்கிறது. உரிமமே வாங்காத மாணவர் இழப்பதற்கு என்ன இருக்கிறது என்று அது கேட்காமல் கேட்கிறது. ஆகவே முதல் தவணை கட்டுவதற்கு முன்பே முதல் வகுப்பு மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுவதுதான் ஏழைக்குத் தெரிந்த இன்சூரன்ஸ்.

"நல்ல காரியத்துக்குப் போறப்ப இதென்ன பேச்சு?"

இந்தப் பேச்சை எடுத்தாலே வீட்டில் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். "ஏனுங்க, புள்ளை படிக்கப் போறப்ப சாவைப் பத்திப் பேசலாமுங்களா?" என்பார் அம்மா. அந்த மனம் புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனால் அதே அம்மா புது ஸ்கூட்டர் வாங்கிய அன்று எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிய சக்கரத்துக்கு, கடைக்காரர் இன்சூரன்ஸ் போட்டுத்தான் சாவியைக் கொடுத்தார். அதை யாரும் அபசகுனம் என்று சொல்லவில்லை.

இரண்டாவது மறுப்பு, செலவு. ஏற்கெனவே 40 லட்சம், இன்னும் இதற்கு வேறா? நியாயம்தான். ஆனால் கடன் தொகைக்கு மட்டும், பயிற்சிக் காலத்துக்கு மட்டும் என்று பாலிசியை வரையறுத்தால் சுமை அடங்கும். மாணவர்கள் ஒவ்வொருவராகப் போய்க் கேட்டால் விலை ஏறும், பள்ளி மொத்தமாகக் குழுவாகக் கேட்டால் இறங்கும். மண்டியில் ஒரு கிலோ வாங்குவதற்கும் ஒரு மூட்டை வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம் மேட்டுப்பாளையத்துக்காரர்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

மூன்றாவது மறுப்பு கொஞ்சம் கனமானது. இன்சூரன்ஸ் இருந்தால் பள்ளிகள் பராமரிப்பில் அலட்சியம் காட்டும், மாணவர்கள் சாகசம் செய்வார்கள் என்பது. உண்மையில் நடப்பது எதிர்மாறு. காப்பீட்டு நிறுவனம் பணம் தரவேண்டி இருந்தால்தான் அது கேள்வி கேட்கத் தொடங்கும். விமானம் எப்போது பழுது பார்க்கப்பட்டது, ஆசிரியர் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பறக்கிறார், முன்பு எத்தனை விபத்து நடந்தது என்று பார்த்துத்தான் பிரீமியம் போடும். மோசமான பள்ளிக்குப் பிரீமியம் ஏறும். அந்த எண்ணே பெற்றோருக்கு ஒரு மதிப்பெண் பட்டியல். தவிர, விதியை மீறித் தாழ்வாகப் பறந்து வித்தை காட்டினால் பாலிசி செல்லாது என்பதும் ஒவ்வொரு மாணவருக்கும் தெரிந்திருக்கும்.

சென்னை உயர் நீதிமன்றம் காட்டிய வழி

சரி, தீர்வு என்ன? அதற்கு வெகுதூரம் போகவேண்டாம். தமிழ்நாட்டிலேயே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது.

ஒரு காலத்தில் சொந்த இருசக்கர வாகனத்தை ஓட்டிச் சென்று இறந்தவரின் குடும்பத்துக்குக் கட்டாயக் காப்பீட்டில் கிடைத்தது 1 லட்சம்தான். கார் என்றால் 2 லட்சம். 2017 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் இதை 15 லட்சமாக உயர்த்தச் சொன்னது. அதைத் தொடர்ந்து 2018 செப்டம்பரில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் நாடு முழுவதற்கும் அதை உத்தரவாக்கியது. இன்று மேட்டுப்பாளையத்தில் மொபெட் ஓட்டுபவருக்கும் அந்த 15 லட்சம் உண்டு, உரிமம் வைத்திருந்தால் போதும். யோசித்துப் பார்த்தால், பயிற்சிப் பள்ளிக்கு மொபெட்டில் போகும் வழியில் அந்த மாணவருக்கு இருக்கும் பாதுகாப்பு, விமானத்தில் ஏறியவுடன் இல்லாமல் போகிறது!

இன்னொன்று. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், ராணுவ அகாடமிகளில் பயிற்சியின்போது ஊனமுற்று வெளியேற்றப்பட்ட கேடட்களின் நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. பயிற்சி முடியாததால் அவர்கள் 'முன்னாள் படைவீரர்' ஆகவில்லை, ஆகவே அந்தச் சலுகைகள் கிடைக்கவில்லை என்பதே பிரச்சினை. அவர்களுக்குக் காப்பீடு தர இயலுமா என்று மத்திய அரசைக் கேட்டது நீதிமன்றம். சீருடை போட்டுப் பயிற்சி பெறுபவரே 'இன்னும் நீ முழுசாக ஆகவில்லை' என்ற இடுக்கில் சிக்குகிறார் என்றால், சொந்தப் பணம் கட்டிப் பழகும் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்?

1934-இன் பழைய விமானச் சட்டம் போய், புதிய பாரதிய வாயுயான் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. இந்த நேரத்திலேயே ஒரு சின்ன நிபந்தனையைச் சேர்த்துவிடலாம். மாணவர் முதன்முறையாகத் தனியாகப் பறப்பதற்கு முன், மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் சிகிச்சைக்கும் சேர்த்து ஒரு குழுப் பாலிசி அவர் பெயரில் இருக்கவேண்டும். தொகை குறைந்தது அவர் கடனுக்குச் சமமாக இருக்கவேண்டும். பறத்தல் விலக்கு அதில் இருக்கக் கூடாது. வங்கிகளும் பயிற்சிக் கடனைக் கொடுக்கும்போதே இதைப் பார்க்கவேண்டும். பத்திரத்தைப் பத்து முறை சரிபார்க்கும் வங்கி, பாலிசியை ஒருமுறை சரிபார்க்கக் கூடாதா?

அதுவரை...

சட்டம் வரும்வரை பெற்றோரும் மாணவர்களும் செய்யக்கூடியவை இருக்கின்றன. சேரும் முன் பள்ளியிடம் இவற்றை எழுத்தில் கேட்கலாம்.

1. விமானக் காப்பீட்டில் மாணவருக்கென்று தனித் தொகை உண்டா? எவ்வளவு? தனியாகப் பறக்கும்போதும் அது செல்லுமா?

2. ஊனத்துக்கும் மருத்துவமனைச் செலவுக்கும் சேர்த்தா, மரணத்துக்கு மட்டுமா?

3. விமானத்துக்குச் சேதம் ஏற்பட்டால் காப்பீட்டு நிறுவனம் மாணவரிடம் அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்க முடியுமா?

4. பாலிசியின் நகலைக் காட்டுவீர்களா? ஏற்பாடு இருக்கிறது என்று வாயால் சொல்வது பாலிசி ஆகாது.

வங்கியிடம் ஒரு கேள்வி: கடனோடு சேர்த்துத் தரும் ஆயுள் காப்பீட்டில் பறத்தல் விலக்கு உண்டா? காப்பீட்டு நிறுவனத்திடம் ஒரு கேள்வி: பயிற்சி விமானி என்று எழுதியிருக்கிறோம், ஏற்றுக்கொண்டதாகப் பாலிசியில் குறிப்பிடுவீர்களா? கூடுதல் பிரீமியம் கேட்டால் கொடுத்துவிடுவது நல்லது. அந்தக் கூடுதல் ரூபாய்தான் பின்னால் "நீங்கள் சொல்லவே இல்லையே" என்ற வார்த்தையைத் தடுக்கும் ரசீது. பாலிசி கைக்கு வந்தபிறகு பிடிக்கவில்லை என்றால் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். அந்த 30 நாட்களில் விலக்குப் பட்டியலை ஒருமுறையாவது படித்துவிட வேண்டும். நியாயமில்லாமல் பணம் மறுக்கப்பட்டால் சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார், அங்கே புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை.

அமெரிக்கா போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே வாடகை விமானம் ஓட்டுகிறவர்களுக்கென்றே தனிப் பாலிசி விற்கிறார்கள். பிறருக்கு ஏற்படும் சேதத்தையும், கேட்டுச் சேர்த்துக்கொண்டால் வாடகை விமானத்துக்கு ஏற்படும் சேதத்தையும் அது தாங்கும். இங்கிருந்து எடுத்துப்போகும் மாணவர் பயணக் காப்பீடு பயிற்சி விமானத்துக்குள் செல்லும் என்று நம்பிக்கொண்டு போகக்கூடாது, கேட்டுத் தெரிந்துகொண்டு போகவேண்டும்.

மலை ரயில் சொல்லும் பாடம்

மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் காலையில் நின்று பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். ஊட்டி ரயிலின் எஞ்சின் முன்னால் இருக்காது, பின்னால் இருக்கும். இழுத்துக்கொண்டு போகாமல் தள்ளிக்கொண்டு ஏறும். பெட்டி ஏதாவது கழன்றால் பள்ளத்தில் ஓடிவிடாமல் தாங்கிப் பிடிக்க எஞ்சின் கீழ்ப்பக்கம் நிற்கிறது. அதுவும் போதாதென்று பெட்டிக்குப் பெட்டி ஒரு பிரேக்ஸ்மேன். தண்டவாளத்தின் நடுவில் பற்சட்டம். 1899-இல் குன்னூருக்கு முதல் ரயில் ஏறியதில் இருந்து இந்த ஏற்பாடு இருக்கிறது. இதையெல்லாம் அமைத்தவர்கள் ரயில் கவிழும் என்று நினைத்து அமைக்கவில்லை. அது தைரியமாக மேலே ஏறவேண்டும் என்று நினைத்து அமைத்தார்கள்.

கொங்கு நாட்டுப் பிள்ளைகள் இன்னும் நிறையப் பேர் விமானி ஆகவேண்டும். தோட்டத்தை நம்பிப் பிழைத்த குடும்பத்தில் இருந்து ஒரு பிள்ளை வானத்தில் ஏறுவது சின்ன விஷயம் அல்ல. அப்படி ஏறும் பிள்ளையைக் கீழே நின்று தாங்க ஒரு எஞ்சின் வேண்டாமா? இன்று அந்த இடத்தில் நிற்பது ஒரு தகப்பனின் தோட்டப் பத்திரம் மட்டும்தான்.

வெள்ளம் வருமுன் அணை போடச் சொன்னார்கள் பெரியவர்கள். பவானிக் கரையில் வாழ்பவர்களுக்கு அதன் பொருள் நன்றாகவே தெரியும்.